பாய்க்குள் இருந்தவன்

இதை நீங்கள் நம்ப வேண்டாம். நான் சொல்வது பொய் என்று யாராவது நிரூபித்துக் காட்டினால் அவர் காலில் விழுந்து கும்பிடுவேன். இது பொய்யானால், இந்தத் தவக்காலத்தில் நான் செய்த காரியமும் நடக்காததாகிவிடும் அல்லவா? ஆனால் நடந்தது. என் கண்ணால் பார்த்தேன். என் கையால் செய்தேன்.

என் பெயர் கொலோதிதா. பெருங்கடல் நடுவே சவாயித் தீவில், கடலோர ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. வீட்டுக்குச் சுவர் கிடையாது. தூண்கள், மேலே கூரை, மழைக்கு இறக்கிவிட ஓலைத் தட்டி, அவ்வளவுதான். உள்ளே உட்கார்ந்தால் வாசல் தெரியும், ரோடு தெரியும், ரோட்டில் போகிறவன் சிரிக்கிறானா முறைக்கிறானா என்பதும் தெரியும். கோயிலில் பாடற்குழுவை நடத்துவது நான்தான். ஊரில் எனக்கு வாயாடி என்று பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருந்தது.

ஜனவரியில் என் தம்பி சானெலே செத்துப்போனான். இருபத்து மூன்று வயது. பந்து விளையாடிவிட்டு ரோட்டோரமாக நடந்து வந்தவனைப் பின்னாலிருந்து ஒரு பிக்கப் வண்டி அடித்துப் போட்டது. ஓட்டியவன் பக்கத்து ஊர் லெமெகி. அவனுக்கும் ஏறக்குறைய அதே வயது. குடித்திருந்தான். அம்மா போனபிறகு சானெலேயை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் நான். எங்கள் வழக்கப்படி வீட்டு வாசலிலேயே அவனைப் புதைத்தோம். கல்லறைக்கு நானே வெள்ளையடித்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் விடியும்போது லெமெகியின் குடும்பம் வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தது. எங்கள் தீவில் உயிர்ச்சேதம் நடந்தால் அப்படித்தான். குற்றம் செய்தவனும் அவன் ஆட்களும், இழந்தவர் வீட்டுக்கு முன்னால் தலைக்கு மேல் தாழம்பாயைப் போட்டு மூடிக்கொண்டு தரையில் உட்காருவார்கள். இதை இஃபோங்கா என்போம். பேசக் கூடாது. முகம் காட்டக் கூடாது. வீட்டுக்காரன் கத்தியோடு வந்தாலும் அசையக் கூடாது. வீட்டுக்காரர்கள் வந்து பாயைத் தூக்கிவிட்டால் மன்னித்தாயிற்று, பகை அதோடு தீர்ந்தது. பாய்க்குள் இருப்பது யார் என்று கேட்கிற வழக்கம் கிடையாது. அதைத்தான் கேட்கத் தேவையில்லையே!

அப்பா என்னைப் பார்த்தார். எங்களில் உடன்பிறந்தவன் விஷயத்தில் அக்காள் தங்கை சொல்வதுதான் கடைசிச் சொல்.

“ஒன் தம்பி. நீதான் சொல்லணும்.”

“வெயில்ல காயட்டும்ப்பா.”

காய்ந்தார்கள். உச்சிவேளை வரை காய்ந்தார்கள். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு, தலையைத் தூக்காமலே போனார்கள். லெமெகியின் அம்மா வித்தோலியாவால் எழுந்திருக்க முடியவில்லை, இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள். வந்தவர்களை அப்படித் திருப்பி அனுப்புவது எங்கள் பக்கம் அநேகமாக நடக்காத காரியம். ஊர் வாய் சும்மா இருக்குமா? உபதேசியார் வீடு தேடி வந்துவிட்டார்.

“நீ தூக்கலைன்னா அந்தப் பையன் என்னம்மா ஆவான்? நடைப்பொணமா அலையுறானாம்.”

“பொணமாவே ஆகட்டும். எந் தம்பி ஆகலையா?”

இப்படித்தான் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அப்புறம் தவக்காலம் வந்தது. சாம்பல் புதனன்று நெற்றி நிறையச் சாம்பல் பூசிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது, டின் மீன்தான். சிலுவைப்பாதையில் என் குரல்தான் கோயில் கூரையைத் தொடும். வீட்டு ஜெபத்தில் மட்டும் ஒரு சங்கடம். பரலோக மந்திரத்தில், பிறர் குற்றத்தை நாங்கள் பொறுப்பது பற்றி ஒரு வரி உண்டல்லவா? அந்த இடம் வந்தால் எனக்கு இருமல் வந்துவிடும். தினமும், பிசகாமல், அதே இடத்தில்.

பொழுது சாயும் நேரத்தை எங்கள் ஊரில் ‘சா’ என்போம். ஊர் முழுக்க ஜெபிக்கிற நேரம். மரத்தில் கட்டித் தொங்கவிட்ட பழைய காஸ் சிலிண்டரை இரும்பால் அடிப்பார்கள். முதல் மணிக்கு எல்லாரும் வீடு சேர வேண்டும். இரண்டாம் மணிக்கு ஜெபம் தொடங்கும். மூன்றாம் மணி அடிக்கும்வரை வெளியே ஒரு ஆள் நடமாடக் கூடாது. இளவட்டங்கள் ரோட்டில் காவல் நிற்பார்கள்.

தவக்காலத்தின் முதல் வெள்ளி. இரண்டாம் மணி அடித்து ஓய்ந்தது. அப்பா ஜெபமாலையைக் கையில் எடுத்தார். நான் கண்ணை மூடப் போனேன்.

ரோட்டோரம், ஈரப்பலா மரத்தடியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். தலையிலிருந்து தரைவரை தாழம்பாய். ஒரே ஒரு ஆள்.

அப்பாவுக்குக் கண்ணில் புரை. தூரத்தில் இருப்பது தெரியாது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“யாரும்மா?”

“வேற யாரு? அவன்தான். திரும்பவும் வந்திருக்கான்.”

“ஒத்தையாவா?”

“வெக்கங்கெட்டவனுக்குத் தொணை வேறயா?”

மூன்றாம் மணி அடித்தது. சிலுவை போட்டுவிட்டு நிமிர்ந்தேன். மரத்தடியில் ஆள் இல்லை. கால் வலித்திருக்கும், எழுந்து ஓடிவிட்டான் என்று நினைத்தேன்.

இரண்டாம் வெள்ளி நல்ல மழை. வேலிக்கு உள்ளே வந்து உட்கார்ந்திருந்தான். கூரைத் தகரத்தில் மழை அடிக்கும் சத்தம் கேட்டது. வாழை இலையில் சடசடவென்று கேட்டது. வாளியில் சொட்டுவதுகூடக் கேட்டது. பாய் மேல் மட்டும் சத்தமே இல்லை.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். எங்கள் நாய் சார்ஜன், பங்குச்சாமியாரையே இரண்டு முறை கடித்த நாய். அது மழையில் நனைந்துகொண்டு, பாயின் ஓரத்தில் தாடையை வைத்துப் படுத்திருந்தது. வால் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை, காவல் நின்ற பையன்களைப் பிடித்தேன்.

“என்னடா காவல் காக்குறீங்க? ஒருத்தன் சா நேரத்துல எங்க வாசல் வரைக்கும் வந்திருக்கான்.”

“கோழி நடந்தாலே பிடிச்சு அபராதம் போடுறோம்க்கா. ஆள் நடந்தா விடுவோமா?”

“அப்ப வானத்துல இருந்து குதிச்சானா?”

“குதிச்சாலும் ஒங்க வாசல்ல குதிப்பானா? ஒங்க வாய்க்குப் பயந்து தேங்காய்கூட அந்தப் பக்கம் விழ மாட்டேங்குது!”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது கால் கொஞ்சம் தயங்கியது.

அதன் பிறகு வெள்ளி தவறாமல் வந்தான். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கிட்டே. அவன் நடந்து வந்ததை ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை. கண்ணை மூடித் திறந்தால் இருப்பான். மூன்றாம் மணி அடித்தால் இருக்க மாட்டான். உட்கார்ந்த இடத்தில் புல் மட்டும் நசுங்கியிருக்கும்.

“போயி தூக்கும்மா,” என்று அப்பா ஒருநாள் சொன்னார். “என்னால முடியல. ஜெபம் பண்ணும்போது முதுகுல யாரோ பாக்குற மாதிரியே இருக்கு.”

“பாக்கட்டும்.”

பெரிய வெள்ளிக்கு முந்தின வெள்ளி. இதைச் சொல்லத்தான் வாய் கூசுகிறது.

அன்று அவன் சானெலேயின் கல்லறை ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். சும்மா உட்காரவில்லை. சாய்ந்திருந்தான். தன் வீட்டுத் தூணில் சாய்கிற மாதிரி, அவ்வளவு சுவாதீனமாக, என் தம்பியின் கல்லறையில் சாய்ந்திருந்தான். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அடுப்பில் கோகோ கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா கண்ணை மூடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். நான் ஜெபத்தின் நடுவே எழுந்தேன். துணியைச் சுற்றிக் கெட்டிலைத் தூக்கினேன். வெளியே போகக் கூடாத நேரத்தில் வாசலில் இறங்கினேன்.

“யாரு மேல சாஞ்சிருக்கே, தெரியுதா ஒனக்கு?”



கெட்டிலைக் கவிழ்த்தேன். பாய் மேல், முதுகுப் பக்கமாக. கொதிக்கக் கொதிக்க, கடைசிச் சொட்டு வரை.

அவன் கத்தவில்லை. உதறிக்கொண்டு எழவில்லை. பாய் ஒரே ஒரு முறை மேலே எழும்பி மெதுவாகத் தாழ்ந்தது. பெருமூச்சு விட்டது போல. சார்ஜன் எழுந்து நின்று என்னைப் பார்த்து உறுமியது. நான் சோறு போட்டு வளர்த்த நாய். அதுவரை என்னைப் பார்த்து ஒருமுறைகூட உறுமியதில்லை.

“என்ன சத்தம்மா?” உள்ளே இருந்து அப்பா கேட்டார்.

“ஒண்ணுமில்லப்பா. கெட்டில் கவுந்திருச்சு.”

புனித வாரத்தில் பங்குச்சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்க வந்தார். வரிசையில் முதல் ஆளாகப் போய் முழங்கால் போட்டேன். நோன்பு நாளில் ரொட்டி தின்றதைச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரியைப் பன்றி என்று திட்டியதைச் சொன்னேன். கெட்டிலைச் சொல்லவில்லை. தெய்வத்தின் மன்னிப்பைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு, முக்காடு போட்டபடி வெளியே வந்தேன். கூச்சமே இல்லாமல்.

பெரிய வெள்ளி.

பகல் மூன்று மணிக்குச் சிலுவையை முத்திசெய்துவிட்டு வந்தோம். ஊர் அடங்கிக் கிடந்தது. காற்று இல்லை. கடல்கூடச் சத்தம் போடவில்லை.

டாங்... டாங்... முதல் மணி.

வாசல் பக்கத் தட்டியை இறக்கிக் கட்டினேன். மழை இல்லை. அவனைப் பார்க்கக் கூடாது என்றுதான் கட்டினேன்.

டாங்... டாங்... இரண்டாம் மணி.

அப்பா ஜெபத்தைத் தொடங்கினார். நான் கூடச் சொன்னேன். தட்டிக்கு வெளியே ஏதோ உரசியது.

சரக்...

காய்ந்த பாய் மடங்குகிற சத்தம். மிகக் கிட்டே. தட்டிக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்.

நான் குரலை உயர்த்திச் சொன்னேன். பரலோக மந்திரம். அந்த வரி வந்தது. எனக்கு இருமல் வந்தது.

தட்டிக்கு வெளியே இருந்து ஒரு குரல் அந்த வரியைச் சொன்னது.

மெதுவாக. முழுசாக.

அப்பா நிறுத்திவிட்டார்.

“கொலோ... யாரும்மா அது? அந்தக் கொரலு...”

“பேசாம இருங்கப்பா.”

யார் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தட்டியின் கயிற்றை அவிழ்த்தேன். விரல் வழுக்கியது. தட்டி ஏறியது.

இருந்தான்.

வாசற்கல் மேலேயே. என் காலடியில்.

பாயின் முதுகில் கோகோக் கறை. பழுப்பாக, பெரிதாக. காய்ந்திருந்தது.

சார்ஜன் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்தது.

இரக்கப்பட்டுத் தூக்கினேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இல்லை. பயந்துபோய்த் தூக்கினேன். அந்தக் குரல் அந்த வரியை இன்னொரு தடவை சொல்லிவிடக் கூடாது என்று தூக்கினேன்.

பாய் கனத்தது...

சட்டென்று லேசானது...

உள்ளே யாரும் இல்லை.

கல்லைத் தொட்டேன். சூடாக இருந்தது. மணிக்கணக்காக ஒருவர் உட்கார்ந்து எழுந்த இடம் போல.

சார்ஜன் வாலை ஆட்டியது. அதன் தலை மெல்லத் திரும்பியது. வாசற்கல்லிலிருந்து... புல் மேல்... கல்லறை வரை. யாரோ நடந்து போவதைப் பார்ப்பது போல.

டாங்...

மூன்றாம் மணி.

“தூக்கிட்டியா?” என்று அப்பா கேட்டார்.

“தூக்கிட்டேன்.”

விடியும்வரை இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் சனிக்கிழமை. நல்ல வெயில். வெயிலில் மனிதனுக்குத் தைரியம் வந்துவிடும். எனக்கும் வந்தது. அவன் பாயைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறான், நாய்க்குப் பைத்தியம், எனக்குத் தூக்கம் போதவில்லை என்று ஒரு கணக்குப் போட்டேன். கறை உள்ளே மறையும்படி பாயை மடித்துக்கொண்டு லெமெகியின் வீட்டுக்குப் போனேன். பாயை எறிந்துவிட்டு, இனி என் வாசலுக்கு வராதே என்று சொல்லிவிட்டு வரலாம் என்ற எண்ணம்.

வித்தோலியா என்னைப் பார்த்ததும் பதறி இறங்கி வந்தாள். உள்ளே லெமெகி சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். வண்டி ஓட்டுகிற உடம்பு இல்லை அது.

“ஒங்க பாயக் கொண்டுவந்திருக்கேன்,” என்றேன்.

அவள் பாயைத் தொட்டுப் பார்த்தாள். “இது எங்களுது இல்லம்மா. அன்னைக்குச் சுருட்டிட்டு வந்தது அந்தா, பரண்ல கெடக்கு. பிரிக்கக்கூட மனசு வரல.”

“பின்ன ஒங்க மகன் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம எதைப் போத்திட்டு வந்தான்?”

“எம் மகனா?” வித்தோலியா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “சாம்பல் புதனன்னைக்கே அவனக் கப்பல்ல ஏத்தி அடுத்த தீவுல இருக்குற ஆப்பியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டோம்மா. நீங்க தூக்கலைன்னதுல இருந்து அவனுக்கு ஒரு துண்டுக் கெழங்கு எறங்கல. செத்துருவேன், செத்துருவேன்னு அதே பேச்சு. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு, யாருக்கும் சொல்லல. இன்னைக்குக் காலைக் கப்பல்லதான் திரும்பி வந்தோம்.”

வாசற்படியில் உட்கார்ந்தேன்.

“எப்படிப் பொழச்சான்?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “சொன்னா நம்ப மாட்ட. வெள்ளிக்கெழம சாயங்காலம் ஒரு ஆளு வருவானாம். என் கண்ணுக்குத் தெரியல. இவன் மட்டும் பேசுவான். ‘நீ சாப்பிடு, ஒனக்குப் பதிலா நான் போயி உக்காந்துட்டு வரேன்’னு சொல்லுவானாம். அவன் போன பெறகுதான் எம் புள்ள ரெண்டு வாய் சாப்பிடுவான்.”

“யாரு?”

“வண்டில அடிபட்டுக் கெடந்தவன அன்னைக்கு எம் புள்ளதான் மடியில போட்டுத் தூக்கிட்டு ஓடுனான். அந்த மூஞ்சிம்மா அது. அவனுக்கு மறக்குமா?”

அவளே தொடர்ந்தாள்.

“நேத்தைக்கு முந்தின வெள்ளி உக்காந்துட்டுத் திரும்பி வந்தப்ப முதுகெல்லாம் வெந்து கொப்புளமா வந்தானாம். வார்டு பூரா கோகோ வாசன. அது மட்டும் எனக்கும் அடிச்சுச்சும்மா, சத்தியமா. ‘யாரு ஊத்துனா?’ன்னு இவன் அழுதிருக்கான். அதுக்கு அவன் சிரிச்சானாம். ‘எங்க அக்காதான். கோவக்காரி. அடுத்த வெள்ளி தூக்கிருவா, பாரு’ன்னானாம்.” அவள் என் முகத்தைப் பார்த்தாள். “என்னம்மா இது? யாரு ஊத்துனது?”

கெட்டிலைப் பற்றி நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கடவுளிடமே சொல்லவில்லை.

எழுந்து முற்றத்துக்குப் போனேன். மடித்திருந்த பாயை விரித்தேன். கறை வெளியே தெரியும்படி தலைமேல் போட்டு மூடிக்கொண்டு, அவள் வீட்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

உள்ளே இருட்டு. வெக்கை. என் மூச்சே என் முகத்தைச் சுட்டது. எதிரில் இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியாது. கேட்கவும் முடியாது. வெயிலில் காயட்டும் என்று அவள் சொல்லிவிடலாம். சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. அன்று உச்சிவேளை வரை இப்படித்தானே அவளை உட்கார வைத்தேன் என்று நினைத்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானப்பட்டதில்லை.

அதிக நேரம் ஆகவில்லை. ஓடி வருகிற காலடி கேட்டது. வித்தோலியா பாயைத் தூக்கினாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

பிறகு அவள் என்னை விட்டுவிட்டு, என் வலது பக்கத் தரையைப் பார்த்தாள். பாயை இன்னும் உயரத் தூக்கிப் பார்த்தாள். உதறிப் பார்த்தாள்.

“இன்னொரு ஆள் எங்கம்மா?”

“எந்த ஆள்? நான் மட்டும்தானே வந்தேன்.”

அவள் கையிலிருந்து பாய் நழுவியது.

“இல்லம்மா... நான் உள்ள இருந்து பாத்துக்கிட்டேதான வந்தேன். பாய்க்குள்ள ரெண்டு பேரு உக்காந்திருந்தீங்க. தோளோட தோள் ஒட்டி...”